‘கொஞ்சம் இழுக்குதுங்க’

கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்ப் கம்பெனிக்காக மூன்று நிமிடப் படம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருந்தேன். முதல் ‘கட்’டை, அதாவது எடிட் செய்த முதல் வடிவத்தை, அனுப்பிய மறுநாள் காலையிலேயே முதலாளியிடமிருந்து போன் வந்தது. "பாத்தேனுங்க தம்பி. நல்லாத்தான் இருக்குது. ஆனா கொஞ்சம் இழுக்குதுங்க. ஒரு அர நிமிசம் கொறச்சுட்டீங்கன்னா சரியாப் போயிருமுங்க" என்றார்.

அரை நிமிடத்தை வெட்டுவது பெரிய காரியமில்லை. பவுண்டரியில் இரும்புக் குழம்பு ஊற்றுகிற காட்சியில் பத்து நொடி, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் இடத்தில் பத்து நொடி, பேட்டியில் பத்து நொடி என்று எடுத்தால் தீர்ந்தது. ஆனால் நான் எதையும் வெட்டவில்லை. படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, அவர் உட்கார்ந்து பார்ப்பதுபோலப் பார்த்தேன். பம்ப்பைப் பற்றிய படத்தில் தண்ணீர் முதன்முதலாகக் கண்ணில் படுவது 1 நிமிடம் 48ஆவது நொடியில். அதுவரை இரும்பு, தாமிரக் கம்பி, லேத், பேச்சு. பார்ப்பவர் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

விவசாயி ஸ்விட்சைப் போடுகிறார், குழாய் இரண்டு முறை செருமுகிறது, பிறகு தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. பதினான்கு நொடி வரும் இந்தக் காட்சியைத் தூக்கிப் படத்தின் தலையில் வைத்தேன். மொத்த நீளத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. இரண்டாவது கட்டைப் பார்த்துவிட்டு, "இப்பக் கச்சிதமா இருக்குதுங்க. எவ்வளவு கொறச்சீங்க?" என்று கேட்டார். எதையும் குறைக்கவில்லை என்பதையும், ஏன் குறைக்கவில்லை என்பதையும் சொன்னேன். அதன் பிறகு அவர் கருத்துச் சொல்லும் விதமே மாறிவிட்டது. ‘வெட்டுங்க’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்த எடத்துல மனசு அலையுதுங்க’ என்று சொல்லத் தொடங்கினார். ஓர் எடிட்டருக்கு அதைவிட உதவியான வாக்கியம் கிடையாது.

எடிட்டிங் என்றால் வெட்டி ஒட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும். செய்ததை உரியவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு, திருத்தி, மறுபடி காட்டுவதும் அந்த வேலையின் பெரும் பகுதி என்பது வெளியில் அவ்வளவாகத் தெரியாது. எங்கள் தொழிலில் இதற்கு ‘கரெக்‌ஷன்’ என்று பெயர். ‘கரெக்‌ஷன் போயிட்டிருக்கு’, ‘இன்னும் ரெண்டு கரெக்‌ஷன்தான்’ என்போம். இந்தச் சொல் எனக்கு முழுதாக உடன்பாடில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது, அதைத் திருத்துகிறோம் என்ற தொனி அதில் இருக்கிறது. உண்மையில் நடப்பது ஒரு உரையாடல். அது எப்படி நடக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எடிட்டராக வர நினைப்பவருக்கும், தன் கடைக்கோ கல்யாணத்துக்கோ படம் செய்யக் கொடுத்திருப்பவருக்கும் இது உதவும்.

முதல் கட்டுக்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடைசி வார்த்தை யாருடையது? பம்ப் கம்பெனியில் முதலாளி இருந்தார், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் இருந்தார், விளம்பரத்தைக் கவனிக்கும் மேலாளர் இருந்தார். மூவரும் தனித்தனியாக எனக்குக் கருத்து அனுப்பினார்கள். மகனுக்கு வேகம் வேண்டும். அப்பாவுக்கு ஒவ்வொரு இயந்திரமும் நிதானமாகத் தெரிய வேண்டும். மேலாளருக்கு டீலர்கள் பெயர் வர வேண்டும். இதில் யார் சொல்வதைக் கேட்பது என்று எடிட்டர் தீர்ப்புச் சொல்லப் புகுந்தால் வேலை கெடும், உறவும் கெடும். நான் மூன்று பட்டியலையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, முரண்படும் ஐந்து இடங்களை மட்டும் வட்டமிட்டு, அவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். அவர்கள் உட்கார்ந்து பேசி ஒரே பட்டியலாக அனுப்ப இரண்டு நாள் ஆனது. எனக்கு அந்த இரண்டு நாள் வீணாகத் தெரியவில்லை. அப்பாவும் மகனும் தங்கள் கம்பெனி எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவேளை அன்றுதான் முதன்முதலாகப் பேசியிருப்பார்கள்.

இப்போதெல்லாம் வேலை தொடங்கும்போதே கேட்டுவிடுகிறேன்: "உங்க பக்கத்துலேருந்து ஒருத்தர் மட்டும் எனக்குச் சொல்லணும். யாருங்க அது?" அதோடு இன்னொரு கேள்வி, இதைவிட முக்கியமானது: "எல்லாம் முடிஞ்சப்புறம் இந்தப் படத்தைக் காட்டியே ஆகணும்னு வீட்டுல, கம்பெனில யாராவது இருக்காங்களா?" அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். பெரியப்பா, பழைய பங்குதாரர், ஆடிட்டர், ஊரிலிருக்கும் அம்மா. அவரை முதல் கட்டிலேயே பார்க்க வைத்துவிட வேண்டும். கடைசியில் வந்து, ‘தாத்தா போட்டோ எங்கே?’ என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். கேட்கும் நேரம் மட்டும்தான் பிரச்சினை.

யார் எப்போது பார்ப்பது என்பது ஹாலிவுட்டில் ஒப்பந்தமாகவே இருக்கிறது. அமெரிக்க இயக்குநர்களின் சங்கமான டைரக்டர்ஸ் கில்டின் விதிப்படி, திரையரங்குக்கான முழுநீளப் படமென்றால் இயக்குநருக்குத் தன் கட்டைத் தயார் செய்யப் பொதுவாகக் குறைந்தது பத்து வாரம் உண்டு. அந்த வாரங்களில் தயாரிப்பாளர் தரப்பு தலையிடக் கூடாது. மூன்று நிமிடப் படத்துக்கு அவ்வளவு சட்டம் தேவையில்லை. ஆனாலும் வரிசை தேவை. இயக்குநரும் எடிட்டரும் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் கிளையண்டிடம் காட்டினால், படத்துக்கு வழிகாட்ட இருவர் இருப்பார்கள், ஓட்ட ஒருவரும் இருக்க மாட்டார்.

அடுத்து, எதைக் காட்டுவது, எதைக் கேட்பது. ‘பார்த்துட்டுச் சொல்லுங்க’ என்று மொட்டையாக அனுப்பினால் மொட்டையாகத்தான் பதில் வரும். எழுத்தின் நிறத்திலிருந்து கதையின் போக்குவரை எல்லாம் ஒரே மூச்சில் வரும். நான் ஒவ்வொரு கட்டோடும் ஒரே ஒரு கேள்வியை அனுப்புகிறேன். ரஃப் கட்டில்: சொல்ல வேண்டியதெல்லாம் இருக்கிறதா, வரிசை சரியா? அப்போது இசை தற்காலிகம், குரல் நானே பேசிய குரல், நிறம் கேமராவிலிருந்து வந்தபடி. ஃபைன் கட்டில்: எங்கே சலிக்கிறது, எங்கே அவசரப்படுகிறது, சொற்கள் சரியா? அதற்கடுத்த கட்டில் பெயர், பதவி, முகவரி, லோகோ, தொலைபேசி எண் மட்டும். இப்படிப் பிரித்துக் கேட்டால் பார்ப்பவருக்கும் எதைப் பார்ப்பது என்று தெரிகிறது.

ரஃப் கட்டின் தொடக்கத்தில் ஐந்து நொடிக்குக் கறுப்புத் திரையில் எழுதிவிடுவேன்: ‘நிறம் இன்னும் சரிசெய்யப்படவில்லை. இசையும் குரலும் தற்காலிகமானவை.’ அதைப் படித்த பிறகும் ‘படம் வெளிறி இருக்கே’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெந்து முடியாத குழம்பை ருசி பார்க்கக் கொடுத்து, உப்பை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பது எளிதான வேண்டுகோள் அல்ல. எடிட்டர்களுக்குப் பல வருடம் பழகித்தான் அந்தக் கண் வருகிறது. அதனால் முதல்முறை படம் செய்பவர்களுக்கு மிகப் பச்சையான கட்டை நான் காட்டுவதில்லை. நிறத்தை மேலோட்டமாகவாவது சமன்செய்து, ஒலியின் அளவை ஒழுங்காக்கிவிட்டுத்தான் அனுப்புவேன்.

தற்காலிக இசையில் ஒரு ஆபத்து இருக்கிறது. பத்து முறை அதே இசையோடு பார்த்தவருக்கு அதுதான் படத்தின் இசை என்று ஆகிவிடும். பிறகு இசையமைப்பாளர் எதைக் கொடுத்தாலும் ஒட்டாது. கிளையண்டுக்கு மட்டும் நேர்வதல்ல இது. ஸ்டான்லி குப்ரிக் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்கு எடிட்டிங்கின்போது செவ்வியல் இசைத் தட்டுகளைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தார். படத்துக்கு இசையமைக்க அலெக்ஸ் நார்த் நியமிக்கப்பட்டு, இசையையும் எழுதிப் பதிவுசெய்தார். கடைசியில் 1968இல் படம் வந்தபோது அதில் இருந்தது அந்தச் செவ்வியல் இசைதான். தன் இசை எடுக்கப்பட்டுவிட்டதை நார்த் திரையிடலின்போதுதான் அறிந்தார். குப்ரிக்குக்கே அப்படியென்றால், நாம் யூடியூபிலிருந்து எடுத்துப் போடும் பிரபலமான பாட்டோடு ஒரு துணிக்கடை முதலாளி காதல் கொள்வதில் வியப்பென்ன? உரிமை வாங்க முடியாத எந்த இசையையும் காட்டும் கட்டில் நான் இப்போது வைப்பதில்லை.

பிலிம் காலத்தில் பார்ப்பவர் படத்தைத் தேடி வந்தார். எடிட்டிங்குக்காகப் போட்ட ரஷ் பிரிண்ட்டை மூவியோலா இயந்திரத்திலோ ஸ்டீன்பெக் எடிட்டிங் மேசையிலோ ஓட்டி, வெட்ட வேண்டிய இடத்தில் மெழுகுப் பென்சிலால் எடிட்டர் கோடு போடுவார். மற்றவர்கள் பார்க்க வேண்டுமென்றால் ப்ரிவியூ தியேட்டருக்கு வர வேண்டும். பிறகு வீடியோ கேசட் வந்தது. படத்தின் மேலேயே ஓடும் எண்களோடு கேசட்டில் பதிவுசெய்து, வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பினார்கள். பார்ப்பவர் எண்ணைக் குறித்துத் தாளில் எழுதி அனுப்புவார். அந்த எண்தான் டைம்கோட்.

டைம்கோட் என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொடுக்கப்பட்ட கதவு எண். மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று நான்கு ஜோடி எண்கள். அமெரிக்காவில் 1960களின் இறுதியில் வீடியோ டேப்புக்காக உருவான முறை இது. நம் நாட்டுத் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால் கடைசி ஜோடி 00 முதல் 24 வரை ஓடும். இதில் புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. மென்பொருளில் ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைனை, ஒளிபரப்புக்கென்றால், ஒரு மணியிலிருந்து, அதாவது 01:00:00:00 என்று தொடங்குவது தொழில் வழக்கம். அதை அப்படியே படத்தின் மேல் பதித்து அனுப்பினால், ஒருவர் போனில் தெரியும் 1:35 என்று எழுதுவார், இன்னொருவர் படத்தின் மேலிருக்கும் 01:01:35 என்று எழுதுவார். ஒரே இடம், இரண்டு முகவரி. கிளையண்டுக்கு அனுப்பும் பிரதியில் எண்ணைப் பூஜ்யத்திலிருந்து ஓடவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எத்தனையோ இரவுகளை இது காப்பாற்றும்.

இந்தக் குறிப்பு எழுதும் வேலையைத்தான் இணையத்துக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் படத்தொகுப்பு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த எமரி வெல்ஸ், ஜான் ட்ரேவர் என்பவரோடு சேர்ந்து 2014இல் தொடங்கியதுதான் ஃபிரேம்.ஐஓ. பார்ப்பவர் படத்தை நிறுத்தி, அதே இடத்தில் கருத்தை எழுதலாம், திரையில் விரலால் வட்டம் போட்டும் காட்டலாம். அந்தக் கருத்து அந்த ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு எடிட்டரின் டைம்லைனிலேயே குறியாக வந்து நிற்கும். புதிய கட்டைப் பழைய கட்டின் மேல் அடுக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2021இல் அடோபி இதை 127.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கருத்துக் கேட்பது என்ற ஒற்றை வேலைக்கு அவ்வளவு விலை. படத்தொகுப்பில் மிகவும் வலித்த இடம் எதுவென்று அந்தத் தொகையிலிருந்தே தெரிகிறது.

ஆனால் நம்மூர் நடைமுறை வாட்ஸ்அப்தான். அதை ஏற்றுக்கொண்டு வேலை செய்வதே நல்லது. வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நசுக்கிச் சிறிதாக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். இதைச் சொல்லாமல் விட்டால், மறுநாள் ‘ஏன் மங்கலா இருக்கு’ என்ற கேள்வி வரும். இரவு பதினொரு மணிக்கு வரும் குரல் பதிவுகளை நான் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. கேட்டு, வரிவரியாக எழுதி, நேரத்தைக் குறித்து, ‘நீங்க சொன்னது இந்த ஒன்பது விஷயம், சரிங்களா?’ என்று திருப்பி அனுப்புவேன். பாதி நேரம் ஒன்பதில் இரண்டை அவர்களே எடுத்துவிடுவார்கள். எழுத்தில் பார்க்கும்போது வேண்டாமென்று தோன்றிவிடும்.

எதில் பார்த்தார் என்று கேட்பதும் அதே அளவு முக்கியம். ஒருமுறை, மணப்பெண்ணின் முகம் மஞ்சளாக இருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறையும் நீலத்தைக் கூட்டினேன். நான்காவது முறை நேரில் போனபோதுதான் தெரிந்தது, அவர்கள் போனில் இரவு நேரத்துக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. முதல் முறையே ‘எந்தப் போன், எத்தனை மணிக்குப் பாத்தீங்க?’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் கேட்காது. தவில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஒரே கோப்பு மேக் கணினியின் குயிக்டைமில் கொஞ்சம் வெளிறியும், வேறொரு பிளேயரில் கொஞ்சம் அழுத்தமாகவும் தெரிவதுண்டு. நிறம் பற்றிய கருத்து வந்தால் டைம்லைனைத் தொடுவதற்கு முன் இதையெல்லாம் விசாரித்துவிட வேண்டும்.

இனி, கருத்தைப் படிப்பது. இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கிளையண்ட் சொல்வதில் இரண்டு சங்கதி கலந்திருக்கும்: அவருக்கு என்ன நேர்ந்தது என்பது ஒன்று, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் நினைப்பது இன்னொன்று. முதலாவதில் அவர் தவறவே முடியாது. சலித்தது என்றால் சலித்ததுதான். இரண்டாவதில் அவர் தவறலாம், ஏனென்றால் அது அவர் தொழிலல்ல. ‘தி காட்பாதர்’ வரிசைப் படங்களிலும் ‘அபோகலிப்ஸ் நவ்’விலும் வேலை செய்த வால்டர் மர்ச், தன் ‘இன் தி பிளிங்க் ஆஃப் ஆன் ஐ’ நூலில் மருத்துவத்திலிருந்து இதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறார். முழங்கை வலிக்கிறது என்று வருபவருக்கு நரம்பு நசுங்கியிருப்பது தோளில் இருக்கலாம். முழங்கையை அறுத்தால் வலி போகாது. கோவை முதலாளிக்கு வலித்தது படத்தின் நடுவில், நரம்பு நசுங்கியிருந்தது தொடக்கத்தில்.

சில வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும், அவற்றுக்கு ஓரளவு பொருள் சொல்ல முடியும். ‘இசை சரியில்லை’ என்றால் பல நேரம் இசையில் குறையில்லை, காட்சி சொல்லும் உணர்வும் இசை சொல்லும் உணர்வும் வேறாக இருக்கிறது. ‘ஒண்ணும் புரியலை’ என்றால் புரியாத இடத்துக்கு இருபது முப்பது நொடி முன்னால் போய்ப் பாருங்கள், அங்கே ஒரு தகவல் விடுபட்டிருக்கும். ‘ஒரு பன்ச் இல்லை’ என்பதற்கு என்னால் இன்னும் ஒரே பொருள் சொல்ல முடியவில்லை. அப்போது கேள்வி கேட்பதுதான் வழி: "படம் முடிஞ்சதும் யார் முகம் ஞாபகத்துல இருந்துச்சுங்க?" பதில் வரும். அந்த முகத்தை வைத்து முடிவை அமைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சொன்னதைச் செய்யாமல் விடுவதும் எடிட்டரின் வேலையில் அடக்கம், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. அனுப்பும் ஒவ்வொரு புதிய கட்டோடும் பழைய பட்டியலைத் திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பதில் இருக்கும்: ‘செய்தாயிற்று’, அல்லது ‘இந்தக் காரணத்தால் முடியவில்லை’, அல்லது ‘செய்து பார்த்தேன், இந்தக் காரணத்தால் சரிவரவில்லை, இரண்டையும் இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்’. கண்டுகொள்ள மாட்டார்கள் என்று ஒரு வரியை விட்டுவிட்டு, அதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டால், மற்ற நாற்பது வரிகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதேபோல, திருத்தம் தொடங்குவதற்கு முன் டைம்லைனை நகலெடுத்து எண் போட்டு ஒதுக்கி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ‘முன்ன இருந்ததே நல்லாருந்துச்சே’ என்று ஒருவர் சொன்னால், அந்த ‘முன்ன’ ஒரு நிமிடத்தில் திரைக்கு வர வேண்டும்.

முடிந்தபோதெல்லாம் நான் நேரில் காட்டவே விரும்புகிறேன். சென்னை சாலிகிராமத்தில் இருக்கும் என் எடிட்டிங் அறை சின்னது. மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். ஆனால் லிங்க் தராத ஒன்றை அந்த அறை தருகிறது. முதல் தடவை ஓடும்போது நிறுத்த விட மாட்டேன், குறிப்பெடுக்கவும் வேண்டாம் என்பேன். ‘முழுசா ஒரு தடவை சும்மா பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பார்க்காமல் அவர்களைப் பார்ப்பேன். எங்கே நாற்காலி அசைகிறது, எங்கே கை போனைத் தேடுகிறது, எங்கே தலை கொஞ்சம் முன்னால் வருகிறது. வாயால் சொல்லும் கருத்து அதற்குப் பிறகு வரும், அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அசைந்த நாற்காலி என்னிடம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

கூட உட்காருவதில் தொல்லையும் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று ‘ஒரு ஃபிரேம் முன்ன, இன்னும் ஒண்ணு’ என்று சொல்லத் தொடங்கினால், மாலைக்குள் இருவருக்குமே படம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பார்த்துப் பேச ஒரு மணி நேரம், பிறகு அவர்கள் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். திருத்தத்தைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

கல்யாணப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சட்டமே வேறு. அவர்கள் வேகத்தைப் பற்றியோ இசையைப் பற்றியோ அதிகம் கேட்பதில்லை. ‘எங்க சித்தப்பா வரவே இல்லையே’ என்பார்கள். இளம் எடிட்டர்கள் இதைக் கேட்டுச் சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். என் எண்ணத்தில் அந்தக் குடும்பம் சொல்வதுதான் சரி. மூன்று நாளும் பந்தியில் நின்று பரிமாறியவர் அந்தச் சித்தப்பா. இருபது வருடம் கழித்து அவரைப் பார்க்கத்தான் இந்தப் படத்தைப் போடுவார்கள். தாலி கட்டும் காட்சியின் ஸ்லோமோஷன் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அதனால் புட்டேஜைத் தொடுவதற்கு முன்பே இரண்டு வீட்டாரிடமும் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் புகைப்படத்தோடு வாங்கிவிடுவேன். பெண் வீட்டில் இருபது பேர், மாப்பிள்ளை வீட்டில் இருபது பேர். அது கையில் இருந்தால் கரெக்‌ஷன் பெரும்பாலும் ஒரே சுற்றில் முடிந்துவிடுகிறது.

சுற்று என்றதும் பணம் வருகிறது. வேலை பேசும்போதே எத்தனை சுற்றுத் திருத்தம் என்று எழுதிக்கொள்வது நல்லது. இரண்டு அல்லது மூன்று என்பது பரவலான வழக்கம். எது ஒரு சுற்று என்பதையும் எழுத வேண்டும்: ஒரே பட்டியலாக வருவது ஒரு சுற்று. பதினைந்து நாளில் பதினைந்து வாட்ஸ்அப் செய்தியாக வந்தால் அதை ஒரு சுற்று என்று இருவருமே சொல்ல முடியாது. நான் செய்த பிழையைத் திருத்துவதற்குச் சுற்றுக் கணக்கு கிடையாது, எத்தனை முறை ஆனாலும் என் பொறுப்பு. ஒப்புக்கொண்ட ஸ்கிரிப்ட்டே மாறினால் அது புதிய வேலை. இவ்வளவுதான் ஒப்பந்தம். முன்னாலேயே இதைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் பின்னால் சண்டையில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

‘பிக்சர் லாக்’ என்ற சொல்லைக் கிளையண்டுக்கு விளக்கிவிடுவதும் எடிட்டரின் கடமை. இனிப் படத்தின் எந்த வெட்டும் நகராது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நிலை அது. அந்தக் கட்டத்தில் படம் ஓரிடத்திலிருந்து பல இடங்களுக்குப் பிரிந்து போகிறது. நிறத்தைச் சரிசெய்பவரிடம் ஒரு பிரதி, ஒலி கலப்பவரிடம் ஒன்று, இசையமைப்பாளரிடம் ஒன்று, சப்டைட்டில் எழுதுபவரிடம் ஒன்று. இதற்குப் பிறகு ‘ஒரு சின்ன ஷாட்டை எடுத்துடுங்க’ என்று பன்னிரண்டு ஃபிரேமை, அதாவது கிட்டத்தட்ட அரை நொடியை வெட்டினால், அந்த இடத்துக்கு அப்பால் உள்ள எல்லாம் நால்வரிடமும் அரை நொடி தள்ளி நிற்கும். உதடு ஓரிடம் அசையும், சொல் வேறிடம் கேட்கும். நால்வரும் தங்கள் வேலையைத் திறந்து மறுபடி பொருத்த வேண்டும். இதை ஒருமுறை திரையில் செய்து காட்டினால் போதும். பம்ப் கம்பெனி முதலாளிக்கு அப்படிக் காட்டினேன். "வார்ப்பு ஊத்துனதுக்கப்புறம் அச்ச மாத்தச் சொல்ற மாதிரிங்களா?" என்றார். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. லாக் ஆகும்போது ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கிவிட வேண்டும். போனில் சொன்ன ‘ஓகே’ இரண்டு வாரத்தில் இருவர் நினைவிலும் வேறு வேறாக இருக்கும்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப் பெயர்களைத் திரையில் போடும் எடிட்டர்கள் இரண்டு இடத்தில் அடிபடுகிறார்கள். மென்பொருளில் தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கெ’யில் முன்னால் இருக்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயரை யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றாமல் ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். தமிழ் படிக்கத் தெரியாத எடிட்டர் என்றால் அவருக்கு இது தவறென்றே தெரியாது. எனவே பெயர்களைக் கிளையண்டிடமிருந்து தட்டச்சாகவும், கையெழுத்தில் எழுதிய படமாகவும் இரண்டு வழியிலும் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பேன். இன்ஷியல் ஒன்றா, இரண்டா, ‘ரா’வா ‘றா’வா என்பதெல்லாம் அவரவர்க்கு உயிர்.

கட்டை லிங்க்காக அனுப்பும்போது பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். வெளிவராத திரைப்படங்களுக்கு லிங்க்கில் கடவுச்சொல், காலாவதித் தேதி, பார்ப்பவரின் பெயர் படத்தின் மேலேயே மங்கலாகத் தெரியும்படி ஒரு வாட்டர்மார்க் மூன்றும் வேண்டும். கம்பெனிப் படத்துக்குக் கடவுச்சொல் மட்டும் போதும்.

பம்ப் கம்பெனியின் படம் நான்காவது கட்டில் லாக் ஆனது. தாத்தாவின் புகைப்படம் முதல் கட்டிலிருந்தே இருந்தது, கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பொருட்காட்சியில் ஓடியது, டீலர்கள் கூட்டத்தில் ஓடியது. ஏழு மாதம் கழித்து முதலாளி மறுபடி அழைத்தார். "தம்பி, ஆபீஸ் போன் நம்பர் மாறிருச்சுங்க. படத்துல மாத்த முடியுங்களா?" எழுத்தே இல்லாத பிரதி ஒன்றும், எழுத்து மட்டும் தனியாக ஒன்றும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. வேலையை முடித்துக் கொடுக்கும்போதே இரண்டையும் பிரித்து வைத்துவிடுவது வழக்கம். கடைசி ஆறு நொடியைத் திறந்து, அவர் எழுதி அனுப்பிய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்துச் சரிபார்த்து, அன்று மாலையே ஐந்தாவது பிரதி என்று எண் போட்டு, ஆவணமாக அனுப்பிவைத்தேன்.